காணாமற்போன ஒன்பது லிட்டர்

ஷா ஆலாமில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை மலாக்காவின் ஆயர் குரோ ஆலைக்கு ஈமெயில் வந்தது. வேலைப் பதிவேட்டில் யுகேந்திரன் என்ற பெயர் நாற்பத்து மூன்று இடங்களில் வருகிறது, அப்படியொரு தொழிலாளி சம்பளப் பட்டியலில் இல்லை, வெளியாளை உள்ளே விட்டது யார் என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் தப்பில்லை. 'யுகேந்திரன் ஓகே', 'யுகேந்திரன் இன்றைக்கும் கூல்', 'யுகேந்திரனைக் கழுவித் துடைத்தாயிற்று' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்திருந்தது தேவமலர்.

யுகேந்திரன் என்பது தேவமலரின் கணவர் பெயர். பத்து பாகாட் ஊரிலுள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். ஆலையிலோ அது ஓர் இயந்திரத்தின் பெயர். கொதிக்கிற ஆவியை வாங்கிக் குளிரவைத்துத் திரவமாக இறக்கும் நீண்ட எஃகுக் குழல் அது. பக்கத்தில் என்ன ரகளை நடந்தாலும் அதன் கணினித் திரையில் இருபத்தெட்டு டிகிரி என்றே காட்டும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் தேவமலர் அதற்குத் தம் வீட்டுக்காரர் பெயரை வைத்தார். ஆவி கிளப்பும் பெரிய கொப்பரைக்கு நாத்தனார் பெயர். அதை அவர் பதிவேட்டில் எழுதவில்லை. எழுத்தில் இருந்தால் வம்பு.

தேவமலருக்கு ஐம்பத்தொரு வயது. ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் பத்து பெரெண்டாம் ஊரில் மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலைக்குப் போய், இருபத்தேழு வருடம் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபோனது. நாற்பத்தாறு வயதில் ஆயர் குரோவில் புதிதாகத் திறந்த இந்தச் சிறு ஆலைக்கு நேர்முகத்துக்கு வந்தார். செம்பனையின் வெறுங் குலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். சின்ன வயதில் அந்தக் குலைக் குவியலில் ஏறிக் குதித்து அப்பாவிடம் அடி வாங்கியிருப்பதாகவும், பின்னால் அதுதான் சோறு போடும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக நடந்திருப்பேன் என்றும் பதில் சொன்னார். வேலை கிடைத்தது.

பழத்தை உதிர்த்துவிட்ட பிறகு எண்ணெய் ஆலைகளில் மலைபோல் மிஞ்சுகிற வெறுங் குலைகள் லாரியில் இங்கே வரும். அவற்றை நாராகக் கிழித்து, அமிலம் கலந்த தண்ணீரில் நனைத்து, கொப்பரையில் அடைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைப்பார்கள். நாருக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைச் சர்க்கரை அந்தச் சூட்டில் உருமாறி ஆவியோடு கிளம்பும். அதைக் குளிரவைத்தால் தண்ணீரும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும் சேர்ந்து சொட்டும். தண்ணீருக்கு அடியில் போய்த் தங்கிவிடும் அந்தக் கனத்த திரவத்துக்கு ஃபர்ஃபுரால் என்று பெயர். இரும்பு வார்க்கும் அச்சுக்கான பிசின் செய்ய, எஞ்சின் எண்ணெயைச் சுத்தம் செய்ய என்று அதற்குப் பல இடங்களில் கிராக்கி. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற சில சாமான்களை நாளைக்கு இதிலிருந்தே எடுக்கலாம் என்பதுதான் கம்பெனியின் கனவு. புதிதாக வடியும்போது தண்ணீர் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டு நாளானால் பாலில்லாத கோப்பி-ஓ போலக் கறுத்துவிடும். வாசனையோ பாதாம் வாசனை. இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி ஆளை இழுக்கும். ஆனால் அதை நெஞ்சு நிறைய இழுப்பது நல்லதல்ல. அதனால் உள்ளே எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள்.

வாரம் முழுக்கக் காலையில் ஒரு தடவை வேகவைப்பார்கள். இரண்டு மாதமாகச் செவ்வாயும் வியாழனும் மட்டும் பிற்பகலில் இன்னொரு தடவை. காலைச் சமையலில் முப்பது லிட்டர் குறையாமல் வந்தது. பிற்பகலில் இருபத்தொன்று, இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. அதே குலை, அதே அமிலம், அதே ஆட்கள். ஒன்பது லிட்டர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆலையின் பொறியாளர் நிவேந்திரன். இருபத்தொன்பது வயது, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், சிரிப்பதற்குக்கூட ஒரு காரணம் கேட்கிற ரகம். தேவமலர் அவனை டாக்டர் தம்பி என்று கூப்பிடுவார். அவன் காலை லாரியின் குலையைப் பிற்பகலுக்கும் பிற்பகல் லாரியின் குலையைக் காலைக்கும் மாற்றிப் பார்த்தான். அமிலத்தைக் கூட்டினான், குறைத்தான். ஒன்பது லிட்டர் திரும்பவில்லை. கடைசியில் ஷா ஆலாம்காரர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரோ திருடுகிறார்கள். பிற்பகல் வேலை பார்க்கும் தேவமலர் உட்பட மூன்று பேரின் பையையும் வாசலில் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நிவேந்திரனுக்கு அதைப் படித்துக் காட்டவே கூச்சமாக இருந்தது. தலையை நிமிர்த்தாமல் படித்தான்.

வாசல் காவலாளி நாகமுத்து தேவமலரைவிடப் பத்து வயது பெரியவர். அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. முதல் நாள் தேவமலரின் பையைத் திறந்தார். உள்ளே நாற்றத்துக்குப் பேர்போன பெத்தாய்க் காய் இரண்டு கட்டு. காவல் அறை அன்று முழுக்க மணந்தது. இரண்டாம் நாள் பொட்டலம் சரியாகக் கட்டாத அரை கிலோ பெலாச்சான் இறால் விழுது. மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். காலைப் பாசாரில் தேவமலர் வாங்கி, நாள் முழுக்க வாளியில் வைத்திருந்த தஞ்சோங் கிளிங் நண்டு ஒன்று, கட்டு தளர்ந்து பைக்குள் உலாவிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நாளையிலேருந்து நீயே தொறந்து காட்டு. நான் இங்கேருந்து பாத்துக்குறேன்" என்றார் நாகமுத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு.

சிரிப்பெல்லாம் சரி, இந்தச் சோதனை முடிவதற்குள் கம்பெனி வேன் போய்விட்டது. தேவமலர் ஆலையைச் சுற்றிப் பின்பக்கச் சாலைக்கு நடந்து, யுகேந்திரன் தம் பஸ்ஸை விட்டுவிட்டுக் காரில் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐந்து வருடமாக அந்த ஆலையில் இருந்தும் அவர் பின்பக்கச் சாலைக்குப் போனதில்லை. அங்கே ஆலையின் மதிலை ஒட்டி ஒரு கடைவரிசை இருந்தது. அதில் நடுக்கடை ஜமாலுதீனுடையது. நாலு தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம். முன்னால் தேநீர், பின்னால் ரொட்டி அடுப்பு. அவர் மனைவி ஹஃபீஸா மாவு பிசைவார், ஜமாலுதீன் பேசுவார். அப்படித்தான் அந்தக் கடையில் வேலை பிரித்திருந்தார்கள்.

தே தாரிக் குடிக்கக் குடிக்க ஜமாலுதீன் தம் வியாபாரத்தின் மர்மத்தைச் சொன்னார். தினமும் அறுபது பன் போடுகிறார். மற்ற நாளில் பாதிக்கு மேல் மீந்துவிடுகிறது.

"செவ்வா, வியாழன்னா மட்டும் நாலு மணிக்கு மேல ஒண்ணு நிக்காது தங்கச்சி. கார நிறுத்திட்டு எறங்குறாங்க, மூக்கத் தூக்கி மோப்பம் பிடிக்கிறாங்க, பாதாம் பன் இருக்கான்னு கேக்குறாங்க. நான் பாதாம் போட்டதே இல்ல லா."

"அப்ப என்ன செஞ்சீங்க பாய்?"

"பேர மாத்திட்டேன்."

பலகையில் உண்மையிலேயே 'பன் பாதாம்' என்று மலாயில் எழுதியிருந்தது. தேவமலர் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். நிமிர்ந்து மதிலைப் பார்த்தார். மதிலுக்கு மேலே, ஆலைக் கூரையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வளைந்து, கடைவரிசையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. யுகேந்திரன் என்ற குழலில் குளிராமல் மிஞ்சுகிற ஆவி வெளியேறும் குழாய். சாதாரணமாக அதில் வருவது வெறும் காற்றாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு முகமூடி. அதோடு அந்த வாசனை அவர்கள் மூக்கில் ஊறிப்போன வாசனை. வெளியே கடல் பக்கமிருந்து வரும் பிற்பகல் காற்று அதை நேராக ஜமாலுதீன் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது லிட்டரை யாரும் திருடவில்லை. ஊரே அதை மூக்கால் வாங்கிக்கொண்டு போகிறது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நண்டு வரைக்கும் கொண்டுபோய்விட்ட ஷா ஆலாம்காரர்களைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை. நன்றாக ஒரு நாடகம் போட்டு, முடிவில் எல்லோர் முன்னாலும் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று தோன்றியது. ஜமாலுதீனின் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு ஓய்வறையிலிருந்து கடைக்கு அடித்து, எத்தனை பன் மிச்சம் என்று கேட்டார். ஒன்று என்று பதில் வந்தது. நிவேந்திரன் அளவுத் தொட்டியின் குழாயைத் திறப்பதற்கு முன்பே, இன்றைக்கு இருபத்தொன்று என்று சொல்லிவைத்தார். இருபத்தொன்று இருந்தது. வியாழக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. நாலரை மணிக்கு முப்பத்தெட்டு பன் மிச்சம் என்று ஜமாலுதீன் அழாத குறையாகச் சொன்னார். தேவமலர் நிவேந்திரனிடம் போய், இன்றைக்கு முப்பதுக்குக் குறையாது என்றார். முப்பது இருந்தது.

நிவேந்திரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். குறைவது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிற ஒரே ஆள் நீங்கள்தான், தலைமை அலுவலகத்துக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தீர்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அவன் பயந்தது தேவமலருக்காகத்தான். அது அவருக்கும் புரிந்தது. ஆனாலும் அடுத்த வியாழன்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மழையன்று சரியாக வந்ததை வைத்து அவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. யுகேந்திரனைக் குளிரவைக்கும் தண்ணீர், கூரைமேல் துத்தநாகத் தகட்டுக்கு நடுவில் ஒரு கறுப்புத் தொட்டியில் இருந்து வருகிறது. காலையில் அது குளிர்ந்த தண்ணீர். வெயில் ஏறிய பிற்பகலில்?

அடுத்த செவ்வாயும் அதே வெயில், அதே இருபத்தொன்று. கடையில் பன் மிச்சமில்லை. தேவமலர் ஒரு கட்டம் போட்ட தாளில் ஒருபக்கம் பன்னையும் மறுபக்கம் லிட்டரையும் குறித்துப் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நாலு இருபதுக்குக் கடைக்கு அடித்தார். எடுத்தது ஜமாலுதீன் இல்லை, ஹஃபீஸா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அவரு மாவு வாங்கப் போயிருக்காரு தங்கச்சி. எனக்கு எண்ண முடியல. தல பொளக்குது, கண்ணு எரியுது. செவ்வா, வியாழன்னா இப்படித்தான். கிளினிக்ல மாவு ஒத்துக்கலங்குறாங்க."

"எவ்வளவு நாளா அக்கா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

தேவமலருக்கு ரொட்டி அடுப்பின் பின்ஜன்னல் மதிலைப் பார்த்துத் திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. அந்தக் குழாயின் வாய்க்கும் அந்த ஜன்னலுக்கும் பதினைந்து அடிகூட இருக்காது. இரண்டு மாதத்தில் மற்ற நாட்களில் நடந்தது தெரியாமல் நடந்தது. இந்த இரண்டு வாரம் தெரிந்தே நடந்தது. வெயில் அடித்த இரண்டு செவ்வாய், இன்றைய வியாழன்.

பின்ஜன்னலை மூடிவிட்டுக் கடைக்கு முன்னால் போய் உட்காருங்கள் என்று மட்டும் ஹஃபீஸாவிடம் சொன்னார். பிறகு ஓய்வறையிலிருந்து கொப்பரைக்கு நேராக நடந்தார், யாரையும் கேட்கவில்லை, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அமுக்கினார்.

நீராவி நின்றது. ஆலை முழுக்க மணி அடித்தது. நிவேந்திரன் பாதுகாப்புத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"அக்கா, என்ன செஞ்சீங்க?"

"வா தம்பி, மேல ஏறு. சொல்றேன்."

கூரைக்குப் போகும் இரும்பு ஏணியில் தேவமலர் முன்னால் ஏறினார். மேலே வெயில் தகட்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கறுப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து, கையை விட்டுப் பார் என்றார். நிவேந்திரன் விரலை விட்டான், அடுத்த நொடியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கோப்பி கலக்கிக் குடிக்கலாம்போல் இருந்தது தண்ணீர்.

"ஸ்கிரீன்ல இருபத்தெட்டுதானே காட்டுது?"

"அது எங்க வீட்டுக்காரரு மாதிரி தம்பி. வீடு பத்தி எரிஞ்சாலும் இருபத்தெட்டுதான். அந்த சென்சார் செத்து எத்தன நாளாச்சோ."

தேவமலர் மடித்த தாளை நீட்டினார். அவன் அங்கேயே வெயிலில் நின்றுகொண்டு அதைப் படித்தான். படிப்பாளி அல்லவா, முதலில் கேட்டது, கீழ்க்கோட்டில் எழுதியிருக்கிற எண்கள் எதன் அளவு என்பதுதான்.

"பன்."

அவன் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். தேவமலர் மதிலுக்கு அப்பால் கடைவரிசையைக் காட்டி, குழாயின் வாயைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். ஹஃபீஸாவின் தலைவலியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"ரெண்டு வாரமா எனக்குத் தெரியும் தம்பி. வேடிக்கையா வச்சிருந்தேன். ரிப்போர்ட்ல அதயும் எழுது."

"அது எழுதணுமாக்கா?"

"எழுது."

நிவேந்திரன் எழுதினான். சென்சார் செத்ததைக் கவனிக்காமல் இரண்டு மாதம் திரையை நம்பியது தன் தவறு என்பதையும் அதே பக்கத்தில் எழுதினான். அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமல்ல, சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் அனுப்பினான். ஆலை நாலு வாரம் மூடப்பட்டது. தண்ணீர்த் தொட்டி கூரையிலிருந்து இறங்கி நிழலுக்கு வந்தது. தண்ணீரைக் குளிரவைக்கத் தனியாக ஓர் இயந்திரம் வந்தது. ஆவிக் குழாய் மதில் பக்கமிருந்து எடுக்கப்பட்டு, தண்ணீரிலும் கரித்தூளிலும் புகுந்து சுத்தமாகி வரும்படி மாற்றப்பட்டது. புது சென்சார் மாட்டிய முதல் நாள் யுகேந்திரன் முப்பத்து மூன்று காட்டியது. தேவமலர் அதைப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினார். என்ன இது என்று கேட்டுப் பதில் வந்தது. உங்களுக்கும் ஒருநாள் சூடு வரும் என்பதற்கு அத்தாட்சி என்று எழுதினார்.

ஹஃபீஸாவைக் கம்பெனி செலவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பரிசோதித்தார்கள். நுரையீரலில் கோளாறு எதுவும் இல்லை. பத்து நாளில் கண் எரிச்சலும் தலைவலியும் விட்டுப்போயின. கம்பெனி ஆட்கள் பழக்கூடையோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு முந்தியே தேவமலர் தனியாகப் போயிருந்தார். தெரிந்தும் சும்மா இருந்ததை மறைக்காமல் சொன்னார். ஜமாலுதீன் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டார். ஹஃபீஸா மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மன்னிப்பெல்லாம் நான் என்ன செய்யிறது. ஆலதான் மூடிக் கெடக்கே. சனிக்கெழம வந்து மாவு பெச."

தேவமலர் நாலு சனிக்கிழமையும் போனார். முதல் வாரம் ஹஃபீஸா அவரிடம் மாவைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை. இரண்டாம் வாரம், ரசாயன ஆலையில் வேலை பார்க்கிறவளுக்கு உப்பு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லையே என்று திட்டினார். திட்டு வந்துவிட்டதால் தேவமலருக்கு மனம் லேசானது. மூன்றாம் வாரம் இருவரும் சேர்ந்து ஜமாலுதீனைத் திட்டினார்கள். வாசனை போனபின் பன் விற்பனை படுத்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மட்டும் அந்தக் குழாயைப் பழைய இடத்தில் வைக்க முடியுமா என்று அவர் தேவமலரின் காதில் கேட்டது ஹஃபீஸாவின் காதிலும் விழுந்திருந்தது. தண்டனையாக அவரைப் பாசாருக்கு அனுப்பி இரண்டு கிலோ பாதாம் வாங்கிவரச் செய்தார் ஹஃபீஸா. அந்தச் சனிக்கிழமைதான் அந்தக் கடையின் பாதாம் பன்னில் பாதாம் விழுந்தது. முன்னைப் போல அறுபதும் விற்பதில்லை. நாற்பது போகிறது. சாப்பிட்டவர்கள் சிலர், பழைய பாதாம் பன்தான் ருசி என்கிறார்கள்.

ஆலை திறந்த அன்று தலைமை அலுவலகத்திலிருந்து தேவமலருக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, காணாமற்போன உற்பத்தியைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. மற்றது, வேலை நேரத்தில் சொந்தத் தொலைபேசியைப் பயன்படுத்தியதற்கும், மேலதிகாரி அனுமதியில்லாமல் உற்பத்தியை நிறுத்தியதற்கும் எச்சரிக்கை. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து, ஒரே தேதி. தகவலை இரண்டு வாரம் வைத்திருந்ததைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை. தேவமலருக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அதற்கு வந்திருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன் என்று நிவேந்திரனிடம் சொன்னார்.

எச்சரிக்கைக் கடிதத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. இப்படி மறுபடியும் நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று தொழிலாளி தம் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். தேவமலர் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தார். பிறகு, 'மறுபடியும் நிறுத்துவேன். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிவேந்திரன் அதை இரண்டு தடவை படித்தான். காரணம் எதுவும் கேட்காமல் சிரித்தான். ஓர் எழுத்தும் மாற்றாமல் ஷா ஆலாமுக்கு அனுப்பிவைத்தான். இன்றுவரை பதில் இல்லை.